ஜெப விண்ணப்பம்

லில்லிபாயைக் கண்டதும் ராஜபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டயாலிசிஸ் முடிந்து, மகள் ஜெஸ்மி கார் எடுத்துவரும் வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். போயும் போயும் இவள் கண்ணில்தானா பட வேண்டும்?

ஒரே சபையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாடிய உற்ற சினேகிதி. ராஜபாய்க்குச் சிறுநீரகம் பழுதான பிறகு ஒரு எட்டு வந்து பார்க்கவில்லை. அவள் மட்டுமா, பெண்கள் ஐக்கியத்தில் ஒருத்தியும் அருமனை ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் அந்த வீட்டுப் படியேறவில்லை.

"மக்கா, கூட்டத்துல எனக்காவ ஜெபிக்கச் சொல்லு" என்று வாராவாரம் ஜெஸ்மியிடம் சொல்லி அனுப்புவாள். போய்விட்டு வந்து ஜெஸ்மி முகம் வாடி நிற்பாள். "சொன்னேம்மா. காதுல விழாத மாதிரி எந்திரிச்சுப் போயிட்டாவ."

ராஜபாய்க்குப் பற்றிக்கொண்டு வரும். நாமாகப் போன் போட்டுக் கெஞ்சவா வேண்டும், போகட்டும் சனியன்கள் என்று விட்டுவிட்டாள். மனசு மட்டும் விடவில்லை. கேட்டுக்கு வெளியே பைக் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்த்தாள்.

மகன் டைட்டஸ் துபாயில் இருந்தான். இங்கே எல்லாமே ஜெஸ்மிதான். உப்பில்லாத கஞ்சி வைப்பாள், வீங்கிய காலைத் தடவிவிடுவாள், காரில் ஊர் தாண்டும் வரை அம்மாவைப் பின் சீட்டில் படுக்கவைத்துப் போர்த்திவிடுவாள்.

தாய்க்கு இப்படியொரு நோய் என்றால் எந்த மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள் என்று ராஜபாய் அழுதால், "எனக்கு மாப்பிளயே வேண்டாம், உனக்க கூடயே இருந்துருவேன்" என்பாள். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும். சினேகிதிகள் யாருக்கு வேண்டும்?

"ஏட்டி, ராஜபாயா?" லில்லிபாய் கிட்டத்தில் வந்துவிட்டாள்.

"அவளேதான். இன்னும் சாவல்ல."

"நீ எப்ப வந்த?"

"எங்க போனேன் வாறதுக்கு? இங்கதான் ஊசி குத்திக்கிட்டுக் கெடக்குதேன். தீனத்துல கெடக்குதவளுக்கு ஒரு வாய் ஜெபம் சொல்ல உங்க ஒருத்திக்கும் நாக்கு வளையல, இல்லியா?"

லில்லிபாய் தோழியின் கையில் போட்டிருந்த கட்டையும் வீங்கிய காலையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்ககிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலட்டி. நீ டைட்டசுக்க கூட துபாய்ல சுகமா இருக்கியன்னுல்லா உனக்க மவ சொன்னா."

"ஜெஸ்மியா? அவ எதுக்கு அப்பிடிச் சொல்லணும்?"

லில்லிபாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து கோயில்ல அவளுக்க கல்யாண அறிவிப்பு ஓலை மூணாந்தடவையும் வாசிச்சாச்சு மக்கா."