காற்று அடங்கட்டும்

ஐம்பது மீட்டர் தள்ளி, குறி அட்டைக்குப் பக்கத்துக் கம்பில் கட்டிய சிவப்பு நாடா படபடக்கிறது. நாளைப் போட்டியில் என் ஏர்கன்னுக்கு எந்தக் குண்டு என்று அண்ணன்தான் முடிவு செய்வானாம். நான் கேட்ட லேசான குண்டுகள் ஐந்தையும் இந்தக் காற்றிலேயே மளமளவென்று சுட்டுத் தள்ளிவிட்டான். அட்டையில் ஓட்டைகள் திசைக்கொன்றாகக் கிடக்கின்றன. இப்போது அவன் வாங்கிவந்த கனமான குண்டுகள். துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைப் பதித்தவன், நாடா துவண்டு கம்போடு ஒட்டும்வரை காத்திருக்கிறான். டப். மறுபடி காற்று, மறுபடி காத்திருப்பு. ஐந்தும் ஒரு சட்டைப் பொத்தான் அகலத்துக்குள் அடங்குகின்றன.

"பாத்தியா? காத்தால இதை அசைக்கவே முடியல!"

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "காத்து எங்கண்ணா அடிச்சுது? நாடா தொங்கினப்பதானே சுட்ட!"

"காத்து நின்னாத்தான் சுடணும். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"அப்ப என் குண்டுக்கு மட்டும் ஏன் நிக்கல?"

அண்ணன் நோட்டில் 'கனமானதே சரி' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போடுகிறான். நான் துப்பாக்கியை வெடுக்கென்று எடுத்து, அவனுடைய கனமான குண்டு ஒன்றைப் போட்டு, கன்னத்தைப் பதிக்கிறேன். புழுதி எழும்புகிறது. நாடா விறைத்து நீள்கிறது. என் விரல் விசைக்குப் போகிறது. அண்ணன் நோட்டைப் போட்டுவிட்டு அலறுகிறான்:

"இரு, இரு! காத்து அடங்கட்டும்!"