முன் வரிசையில் மர்டோ

பெஷாவர் முகாமில் ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் புகைப்படத்துக்கு வரிசையாக நின்றார்கள். இரவெல்லாம் காவல் காத்த மர்டோவுக்குக் கால் தள்ளாடியது.

“நிக்க முடியலைன்னா முன்னாடி படுத்துக்கோடா, படம் அழகா இருக்கும்,” என்றார் சார்ஜன்ட்.

“மத்தவங்க தொப்பியைக் கழட்டுங்கப்பா, மூஞ்சியில நிழல் விழுது. அசையாதீங்க!” என்றார் படம்பிடிப்பவர்.

படுத்த மர்டோ அப்படியே தூங்கிப்போனான்.

எழுதத் தெரியாதவன், அந்தப் படத்தையே மனைவி எஃபிக்கு அனுப்பிவைத்தான். “நான் நல்லா இருக்கேன்னு பாத்தாலே புரிஞ்சுப்பா.”

இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பி, வீட்டுக் கதவைத் தட்டினான். முன்பின் தெரியாத ஒருவன் திறந்தான்.

“எஃபி, யாரோ சிப்பாய் வந்திருக்காரு!”

உள்ளே சுவரில் கறுப்புத் துணி சுற்றிய அந்தப் படம். தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள் சிப்பாய்கள். அவர்கள் காலடியில் கண்மூடிக் கிடக்கிறான் மர்டோ.