ஹீரோ மூக்கில் பல்லி

சினிமா தியேட்டர் ஒன்றில், கடைசி வரிசை நாற்காலிக்கு அடியில் சிங்காரம் என்ற எலி குடியிருந்தது. முன்பெல்லாம் அதற்கு ராஜ வாழ்க்கைதான். திரையில் ஒரு அப்பாவிப் பையன் மேல் மின்னல் விழும், அவனுக்கு அபார சக்தி வரும். ஜனங்கள் துள்ளிக் குதிக்க, பாப்கார்ன் மழையாய்க் கொட்டும்.

வாராவாரம் மின்னல் விழுந்தால் யார்தான் துள்ளுவார்கள்? இப்போதெல்லாம் செல்போனைத் தடவியபடியே கடைசிப் பொரிவரை தின்று தீர்த்துவிடுகிறார்கள்.

"இந்தப் படத்துலயும் மின்னல்தானாம் அண்ணே," என்றது சுவரில் இருந்த பல்லி பவுனு.

"விழட்டும். இடி என் வயித்துலதான்," என்றது சிங்காரம்.

மின்னல் விழுந்தது. தியேட்டரே கொட்டாவி விட்டது. ஹீரோவின் பெரிய முகம் திரையை நிறைத்தபோது, எங்கிருந்தோ வந்த பூச்சி ஒன்று அவன் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. பவுனு திரைமேல் ஒரே ஓட்டமாய் ஓடி அதை லபக்கென்று கவ்வியது.

"நான் யார் தெரியுமா?" என்று கர்ஜித்தான் ஹீரோ.

"பல்லி!" என்று கத்தியது தியேட்டர்.

விசில் பறந்தது. பாப்கார்னும் பறந்தது. சிங்காரம் வயிறு முட்டத் தின்றுவிட்டு மல்லாந்து படுத்தது.

"பவுனு, இனி நீதான்டி நம்ம ஹீரோ!"

பவுனு தொண்டையைச் செருமிக்கொண்டது. "அப்போ என் கதையை ஆரம்பத்துலேர்ந்து கேளுங்கண்ணே. டியூப்லைட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன முட்டை..."

சிங்காரம் மிச்சமிருந்த இரண்டு பாப்கார்னை எடுத்து, காதுக்கு ஒன்றாய் அடைத்துக்கொண்டது.