மரத்தூள் இருமல்

குழந்தைகள் வார்டின் ஜன்னல் வழியே விழும் பகல் வெளிச்சத்தில், பிறந்து நாற்பது நாளான பெண்குழந்தையின் உதடு நீலம் பாய்ந்து கிடக்கிறது. "கக்குவான் இருமல். வீட்டுல வேற யாருக்காவது இருமல் இருக்கா?" என்று டாக்டர் கேட்கிறார். தாய் தச்சுவேலை செய்யும் கணவனைத் திரும்பிப் பார்க்கிறாள். "மூணு வாரமா எனக்குத்தாங்க. மரத்தூள்னு நெனச்சிட்டேன். வேலை விட்டு வந்ததும் நான்தான் மொதல்ல தூக்குவேன்," என்கிறான் அவன். "நீங்க வெளியில நில்லுங்க," என்கிறாள் அவள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. கதவைத் தாண்டியதுமே அவனுக்கு இருமல் பொங்குகிறது. துண்டை வாயில் அழுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு, விலா நோக இருமி முடிக்கிறான். பிறகு கதவின் கண்ணாடியில் முகத்தைப் பதித்து உள்ளே பார்க்கிறான். நர்ஸ் குழந்தையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். குழந்தைக்கு இருமக்கூடத் தெம்பில்லை.