பாதி மூச்சுக்காரி

காசநோய் அரித்த இடது நுரையீரலை எடுத்த பிறகு, காலியான இடத்துக்கு இதயம் நகர்ந்து வந்துவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னார். கபடியை மறந்துவிடச் சொன்னதும் அவர்தான். ஜெபக்கனி எக்ஸ்ரேயை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்து, இறுதி ஆட்டத்தில் அவள் அணியில் அவள் ஒருத்திதான் மிச்சம். எதிரே மூன்று பேர். கோட்டைத் தாண்டிப் பாடிப் போனாள்.

"பாதி மூச்சுக்காரி வாரா. பிடிச்சு அமுக்குங்கடி, பாட்டு தானா நின்னுரும்" என்றாள் எதிரணித் தலைவி பேச்சித்தாய்.

இருவர் காலைக் கட்டிக்கொண்டார்கள். பேச்சித்தாய் முதுகில் விழுந்தாள். இழுக்காமல், மூச்சு தீரட்டும் என்று காத்திருந்தார்கள். நடுக்கோடு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பாட்டு நின்றால் ஆட்டம் போயிற்று. நிற்காமல் கோட்டைத் தொட்டால் பிடித்த மூவரும் அவுட்.

நடுவர் மண்டியிட்டு அவள் வாயருகே காதை வைத்தார்.

"பாட்டு நின்னுருச்சா சார்?"

"பாடுறா."

"இன்னுமா?" பேச்சித்தாய்க்கு மூச்சு இரைத்தது.

"கபடி, கபடி" என்று மண்ணில் உதடு உரசப் பாடியபடி, ஜெபக்கனி முதுகில் கிடந்தவளையும் சேர்த்து ஒரு விரற்கடை முன்னால் இழுத்தாள்.