சாம்பல் தரை

நம்பிராஜன் செருப்பைக் கழற்றாமலே ஹாலுக்குள் நடந்தார். தரை வேலை முடியாத வீட்டில் எவன் செருப்பைக் கழற்றுவான்?

மாப்பிள்ளையின் அம்மா வடிவம்மாள் அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட வந்த தரகர் தளவாய் முழங்கையால் இடித்தார்.

"அண்ணாச்சி, செருப்பு..."

"மொதல்ல டைல்ஸ் போடட்டும்வே. பொறவு கழட்டுதேன்."

"இதுதான் தரையே அண்ணாச்சி. பாலிஷ் போட்ட கான்கிரீட். பெங்களூர்ல பெரிய பெரிய வீட்லல்லாம் இப்ப இதான் போடுதாவ."

நம்பிராஜன் குனிந்து பார்த்தார். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் அவர் கடை முன்னால் வெங்காய மூட்டை இறக்கும் தளம் இதைவிடப் பளபளப்பாக இருக்கும். வந்த சிரிப்பை மூக்கு வழியாக விட்டார்.

ஒரே மகள் பொன்செல்வியைக் கொடுப்பதற்கு முன் வீடு பார்க்க வந்திருந்தார். தளவாய் ஜாதகம் கொண்டுவந்ததே போன வாரம்தான். பொருத்தம் அமோகமாக இருந்தது. இனி அவர் தலையாட்டினால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை.

"கண்ணாடி கணக்கா மினுமினுன்னு தேய்க்கச் சொல்லியிருக்கலாம்லா? எங்க வீட்டுத் தரையில மொகம் பாத்துத் தலை சீவலாம்!"

"நானும் அதத்தான் சொன்னேன்" என்றாள் வடிவம்மாள். "போன வருசம் தரை போடயில, பாலிஷ்காரரு நாலு பினிஷ் தேய்ச்சுக் காட்டுனாரு. இவன் நாலையும் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பிட்டு, பதில் வாரவரைக்கும் வேலையவே நிப்பாட்டிட்டான். சாரல்ல நனைஞ்சு ஈரக்காலோட வந்தா வழுக்கும், மினுக்கு வேண்டாம்னு பதில் வந்துச்சாம். அப்படியே போட்டுட்டான்."

மாப்பிள்ளை ஆதித்தன் காது சிவக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெட்கமாவது இருக்கிறதே என்று நம்பிராஜன் நினைத்துக்கொண்டார். சொந்த வீட்டுத் தரைக்கு அடுத்தவனிடம் உத்தரவு கேட்கிற பயல்! காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். போகும்போது செருப்பை நன்றாக ஒருமுறை தேய்த்துவிட்டே போனார்.

தெரு திரும்பியதும் தளவாயிடம் சொல்லிவிட்டார். "சரிப்படாதுவே. வேற எடம் பாரும்."

வீட்டுக்கு வந்ததும் பொன்செல்வி சொம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"என்னப்பா ஆச்சு?"

"அது வீடாட்டி? மாட்டுத் தொழுவத்துக்குக்கூட நம்ம ஊர்ல நல்ல தரையாப் போடுதான். வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"நல்ல வேலை, நல்ல குணம்னு நேத்து நீங்கதானப்பா சொன்னிய? தரைக்காகவா வேண்டாம்னிய?"

"தரை மட்டுமாட்டி? சொந்தமா முடிவெடுக்கத் துப்பில்லாத பய! போட்டோ புடிச்சு அனுப்பிக் கேட்டிருக்கான்! அந்தச் சாம்பலப் பாத்து, இதான் நல்லாருக்குன்னு எந்த மடச்சாம்பிராணி சொல்லுச்சோ!"

பொன்செல்வி சொம்பைக் கீழே வைத்தாள்.

"நான்தாம்ப்பா சொன்னேன்."