கை சொன்ன எடை

"உன் கை இருக்கறப்ப தராசு எதுக்குடி?" என்று தங்கள் காய்கறிக் கடையில், அவள் அள்ளிப் போட்ட தக்காளி சரியாக ஒரு கிலோ நின்றதைப் பார்த்துக் கணவர் ஒருநாள் கேட்டார்.

"உங்க தலையைக் குடுங்க, உள்ள ஏதாவது இருக்கான்னும் சொல்றேன்" என்றாள்.

பூங்காவில் ஒரு மணி நேரம் காணாமல் போன மகள், தானாகவே திரும்பி வந்தாள். அவள் ஓடிப்போய் இடுப்பில் தூக்கினாள். கைக்கு மூன்று கிலோ குறைந்திருந்தது.

கடைத் தராசில் நிற்க வைத்தார்கள். பழையபடி பதினாறு கிலோ.

"உன் கைக்கு வயசாயிடுச்சு போ" என்று கணவர் சிரித்தார்.

அன்றும் அவள் அள்ளிப் போட்ட வெங்காயம் கிராம் பிசகவில்லை.

ஒரு வாரம் தினமும் குழந்தையைத் தூக்கிப் பார்த்தாள்; கை அதே மூன்று கிலோ குறைவென்றது. இன்று தலை சீவ மடியில் வந்து உட்கார்ந்த குழந்தையின் காதருகே குனிந்தாள்.

"கண்ணு, நீ யாராயிருந்தாலும் சரி. எம்பொண்ணைக் குடுத்துடும்மா."